மழைக் கணக்கு 'இயல்பு', வயலில் வாடல்: திடீர் வறட்சியை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழிமுறை

2023ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை முடிந்தபோது நாடு முழுமைக்குமான கணக்கு நீண்டகாலச் சராசரியில் 94 சதவீதம். பதறுவதற்கு ஒன்றுமில்லாத எண். மாதவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் வெளியே வரும்: ஜூன் 91, ஜூலை 113, ஆகஸ்ட் 64, செப்டம்பர் 113. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வந்ததில்லை. ஜூலை மழையை நம்பி விதைத்தவரின் பயிர் பூவுக்கு வரும் முன்பே வானம் வெளுத்துவிட்டது. செப்டம்பர் மழை பருவத்தின் மொத்தத்தைத் தூக்கி நிறுத்தியது. அதற்குள் பல மானாவாரி நிலங்களில் சேதம் முடிந்துபோயிருந்தது.

வறட்சி என்றாலே இரண்டு மழைக்காலம் பொய்த்து, ஏரி வறண்டு, ஆடுமாடு விற்கும் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வரும். திடீர் வறட்சி அந்தப் பாதையில் வருவதில்லை. மூன்று நான்கு வாரத்துக்குள் மண்ணின் ஈரம் சரிந்து, அணையில் தண்ணீர் இருக்கும்போதே பயிர் போய்விடும். மழை நிற்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. கூடவே வெயில், காற்று, காற்றின் வறட்சி மூன்றும் சேர்ந்து மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டும். இந்தியாவில் இப்படிப்பட்டவை பெரும்பாலும் பருவமழைக் காலத்திலேயே, மழை இடைவெளி விடும் நாட்களில் வருகின்றன. 1951 முதலான தரவை ஆராய்ந்த காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் 1979ஐத்தான் மிக மோசமான திடீர் வறட்சி ஆண்டாகக் காட்டுகிறார்கள்.

இந்த வழிமுறை, எண்களையும் வரைபடங்களையும் வைத்து முடிவெடுக்க வேண்டியவர்களுக்கானது: வேளாண் அலுவலர், உழவர் உற்பத்தியாளர் குழுவின் பொறுப்பாளர், மாணவர், செய்தியாளர். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போய்ப் படியுங்கள். முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தொடங்கும் முன் நான்கு எண்கள் கையில் இருக்கட்டும். தினசரி மழை (மாத மொத்தம் உதவாது), பகல் உச்ச வெப்பநிலை, பிற்பகல் ஈரப்பதம், காற்றின் வேகம். பக்கத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்தால் திறந்த தட்டில் ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானது என்ற அளவையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஓர் எண் பல செயற்கைக்கோள் படங்களுக்குச் சமம். இவற்றோடு ஒரு மண்வெட்டி.

அறிகுறி: அட்டவணை 'இயல்பு' என்கிறது, பயிர் மதியமே தலை சாய்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். குற்றவாளி பெரும்பாலும் அட்டவணையில் உள்ள 'இயல்பு' என்ற சொல்.

மாவட்ட மழை சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் 'இயல்பு' என்றே எழுதப்படும். 20 முதல் 59 வரை குறைந்தால்தான் 'பற்றாக்குறை'. இந்தக் கணக்கு பருவத்தின் முதல் நாளிலிருந்து கூட்டிக்கொண்டே போகும். 2023 ஆகஸ்ட் கடைசியில் நாட்டின் மொத்தக் குறைவு 10 சதவீதம்தான். ஒரு மாவட்டத்துக்கு அதே எண் வந்திருந்தால், நூற்றாண்டு காணாத வறண்ட மாதத்தின் கடைசி நாளில்கூட அதன் பெயருக்கு எதிரே 'இயல்பு' என்றுதான் இருந்திருக்கும்.

ஆகவே ஜூன் 1 முதலான கூட்டலை ஒதுக்கிவைத்துவிட்டு கடைசி 14, 21, 28 நாட்களின் மழையைத் தனித்தனியே கூட்டுங்கள். எஸ்.பி.ஐ. என்னும் மழைக் குறியீட்டைப் பார்ப்பவரானால் மூன்று மாத அளவை விட்டு ஒரு மாத அளவுக்கு வாருங்கள். மூன்று மாத அளவு அணைக்கும் கிணற்றுக்கும் நல்லது. வேர் அவ்வளவு நாள் காத்திருக்காது.

பிறகு அதே நாட்களுக்கான ஆவியாதலைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணல் கலந்த செம்மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 100 மி.மீ. தண்ணீர் பயிருக்குக் கிடைக்கும்படி தங்கும். வேர் 60 செ.மீ. இறங்கியிருந்தால் 60 மி.மீ. அதில் பாதிவரைதான் பயிர் சிரமமில்லாமல் எடுக்கும். ஆக 30 மி.மீ. மேகமூட்டமான நாளில் 4 மி.மீ. போனால் ஏழெட்டு நாள் தாங்கும். வெயிலும் காற்றுமாக 7 மி.மீ. போனால் நான்கு நாள். உண்மையில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் காற்று கேட்கும் வேகம் கூடும்போது பாதிக் கையிருப்பு தீரும் முன்பே பயிர் இலைத்துளைகளை மூடத் தொடங்கிவிடும். நல்ல கரிசலில் இருப்பு இதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும் என்பதால் கூடுதலாகச் சில நாள் கிடைக்கும். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே ஊர். செம்மண் மேட்டில் வாடல், கரிசல் பள்ளத்தில் பச்சை என்று இருந்தால் அதில் முரண் எதுவும் இல்லை.

வாடும் நேரத்தைக் குறித்துக்கொள்வது இதைவிட எளிய சோதனை. மக்காச்சோளமோ சோளமோ பிற்பகல் இரண்டு மணிக்கு இலை சுருட்டி, மாலை ஐந்துக்கு விரித்துவிட்டால் வேர் கொடுக்கும் வேகத்தைக் காற்று முந்துகிறது, அவ்வளவுதான். மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது. சுருளும் நேரம் ஒவ்வொரு நாளும் முன்னே நகர்ந்து காலை பத்துக்கு வந்துவிட்டால் இருப்பு கரைந்துகொண்டிருக்கிறது. விடியற்காலையிலும் விரியாத இலையைப் பார்த்தால் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு, தண்ணீர் இருக்குமானால் அன்றே ஒரு நனைப்புக் கொடுங்கள்.

அறிகுறி: மழை நின்று சில நாள்தான் ஆகிறது, ஈரம் மளமளவெனக் குறைகிறது

இங்கே மழையைப் பார்த்துப் பயன் இல்லை. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்று பாருங்கள்.

30 டிகிரி வெப்பத்தில் காற்று முழுக்க நிறைந்தால் அதிலுள்ள நீராவியின் அழுத்தம் 4.24 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் முழுக்க நிறைவதற்கு இன்னும் தேவைப்படுவது 1.27. வெப்பம் 38 டிகிரிக்குப் போய், ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கினால் அந்தத் தேவை 4.31 ஆகிவிடுகிறது. வெப்பமானி காட்டிய வித்தியாசம் எட்டு டிகிரி; இலையிலிருந்து காற்று கேட்கும் அளவு மூன்று மடங்குக்கும் மேல். வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். செய்திகளில் உச்ச வெப்பநிலை தலைப்புக்கு வருகிறது, பிற்பகல் ஈரப்பதத்தை யாரும் கேட்பதில்லை.

இதோடு காற்றின் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே கோவை, திருப்பூர்ப் பக்கமும், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் கீழே தென்காசி, நெல்லைப் பக்கமும் ஆடிக் காற்று அடிக்கும் நிலங்களில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டுக் கணவாய் வழியே இறங்கும் காற்று, இந்தப் பக்கம் வரும்போது வறண்டு போயிருக்கும். காற்றாலைக்கு அது வரவு, மானாவாரிக்குச் செலவு.

ஆவியாக்கும் தேவை அந்த இடத்தின் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட எவ்வளவு மிகை என்று சொல்வதற்கு ஈ.டி.டி.ஐ. என்றொரு குறியீடு இருக்கிறது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவில் மைக் ஹாபின்ஸ் குழுவினர் உருவாக்கியது. இதில் மழை உள்ளேயே வராது. வெப்பம், ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர் மட்டும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இது மணி அடிக்கும். அதே காரணத்தால் வீண் மணியும் அடிக்கும். தேவை எகிறிய இரண்டாவது வாரத்தில் நல்ல மழை பெய்துவிட்டால் வறட்சி வராமலே போகும். எனவே இந்தக் குறியீடு சிவப்பானால் 'கவனி' என்று பொருள்; 'அறிவி' என்று அல்ல. இரண்டு வார அளவும் நான்கு வார அளவும் சேர்ந்து உயர்ந்திருக்க, நீட்டிப்பு முன்னறிவிப்பிலும் மழை இல்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வானிலைத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான நீட்டிப்பு முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதில் முதல் இரண்டு வாரத்தை நம்பலாம், நான்காவது வாரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்பது என் கருத்து.

அறிகுறி: ஒரு குறியீடு 'ஆபத்து' என்கிறது, இன்னொன்று 'செழிப்பு' என்கிறது

கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். திடீர் வறட்சி இரண்டு கட்டமாக நடப்பதால் வரும் தோற்றம் இது.

முதல் கட்டத்தில் மண்ணில் தண்ணீர் இருக்கிறது, வெயில் கூடுகிறது. பயிர் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்து, அதிகமாக ஆவியாக்கும். அப்போது ஆவியாக்கும் தேவையும் மிகை, உண்மையில் ஆவியாவதும் மிகை. உண்மை ஆவியாதலை அளக்கும் குறியீடு பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருக்கும். இரண்டாம் கட்டத்தில் இருப்பு தீருகிறது. தேவை இன்னும் மேலே ஏற, உண்மை ஆவியாதல் பொத்தென்று விழுகிறது. ஆவியாகும்போது செலவாகிக்கொண்டிருந்த வெப்பம் இப்போது நிலத்தையும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் அதிகம் கேட்கிறது. இரண்டாம் கட்டம் இவ்வளவு வேகமாக ஓடுவதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான்.

இரண்டாம் கட்டத்தைப் பிடிப்பதற்கு ஈ.எஸ்.ஐ. என்னும் குறியீடு. அமெரிக்க வேளாண் துறையின் மார்த்தா ஆண்டர்சன் குழுவினர் உருவாக்கிய இது, விடிந்தபின் நிலத்தின் மேற்பரப்பு எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதைச் செயற்கைக்கோளில் பார்த்து, ஆவியாதல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணிக்கிறது. தண்ணீர் உள்ள நிலம் மெதுவாகச் சூடாகும், இல்லாத நிலம் சட்டென்று சூடாகும்.

முரண்பாட்டைத் தீர்க்கும் முறை: ஈ.டி.டி.ஐ., ஈ.எஸ்.ஐ. இரண்டையும் வாரவாரியாக ஒரே தாளில் வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் முதல் கட்டம். தண்ணீர் கொடுக்க, மூடாக்குப் போட, களை எடுக்க அவகாசம் இருக்கிறது. ஒன்று ஏற மற்றொன்று இறங்கத் தொடங்கிய வாரம்தான் திருப்பம். அந்த வாரத்தின் தேதியைக் குறித்து வையுங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் படம் பச்சையாகவே இருக்கிறது

இந்தப் பச்சையில்தான் ஆட்கள் அதிகமாக வழுக்கி விழுகிறார்கள், ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

என்.டி.வி.ஐ. என்னும் பசுமைக் குறியீடு, இலை எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். அந்த இலை வேலை செய்கிறதா என்று சொல்லாது. இலைத்துளைகளை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும் பயிரும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். நிறம் வெளிறிக் குறியீடு விழும்போது சேதம் முடிந்திருக்கும். இதற்கு மேல் ஒரு கணக்கியல் தாமதமும் உண்டு. நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் பரவலாகப் பயன்படும் படம் 16 நாளுக்கு ஒன்று. மேகத்தைத் தவிர்க்க, அந்த 16 நாளில் மிகப் பச்சையாக இருந்த அளவுகளுக்கே அது முன்னுரிமை கொடுக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் 20 நாளில் முடிகிற ஒரு விபத்தை, 16 நாளில் நல்ல நாளைத் தேடி எடுக்கும் கேமராவால் எப்படிப் பிடிப்பது?

2012இல் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் நடந்தது இதற்குப் பாடமாக இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அங்கே அதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான மார்ச். செடிகொடிகள் முன்கூட்டியே துளிர்த்தன, மக்காச்சோளமும் சீக்கிரம் விதைக்கப்பட்டது. மேலிருந்து பார்க்க எல்லாம் செழிப்பு. மே மாதம் அமெரிக்க வேளாண் துறை ஏக்கருக்கு 166 புஷல் (ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறத்தாழ 25 கிலோ) மகசூல் வரும் என்று மதிப்பிட்டது. ஆனால் முந்திக்கொண்டு துளிர்த்த பசுமை, மண்ணின் ஈரத்தையும் முந்திக்கொண்டு குடித்திருந்தது. மே, ஜூன் மழை பொய்த்து, ஜூலையில் வெப்பம் புதிய உச்சத்தைத் தொட்டபோது கொடுக்க மண்ணில் ஒன்றும் இல்லை. மக்காச்சோளத்துக்குப் பட்டுநூல் வெளிவரும் நேரம் அது. அந்த வாரங்களில் தண்ணீர் தவறினால் மணி பிடிக்காது. கடைசியில் கிடைத்தது ஏக்கருக்கு 123 புஷல் அளவில். பருவகால முன்னறிவிப்புகளும் இதைக் காணவில்லை.

ஆகவே இளவேனிலில் வழக்கத்துக்கு மீறிய பசுமையைக் கண்டால் மகிழ்வதோடு கொஞ்சம் சந்தேகமும் படுங்கள்.

நமக்குப் பக்கத்துக் கதை கர்நாடகம். 2023 செப்டம்பரில் அந்த மாநிலம் 195 வட்டங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. பின்னர் 236 வட்டங்களில் 223 அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இடையில் விழுந்த மழையால் பல வயல்கள் பார்வைக்குப் பச்சை. 'இது பசுமை வறட்சி' என்று மத்தியக் குழுவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை மாநில அரசுக்கு வந்தது. தழை இருந்தது, மணி இல்லை.

பச்சைப் படத்தைச் சோதிக்க மூன்று வழி. முதலாவது, அதே இடத்தின் நிலமேற்பரப்பு வெப்பநிலையை எடுத்துப் பசுமையோடு சேர்த்துப் பாருங்கள். பச்சையும் சூடும் ஒன்றாக இருந்தால் இலைத்துளைகள் மூடியிருக்கின்றன. இந்தியாவுக்கு இன்சாட் செயற்கைக்கோள்களின் மேற்பரப்பு வெப்பநிலைத் தரவு கிடைக்கிறது. இரண்டாவது, 16 நாள் படத்தை விட்டு, ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படங்களின் தனித்தனித் தேதிகளைப் பாருங்கள்; 10 மீட்டர் துல்லியம் என்பதால் வரப்பு வரை தெரியும். மழை இடைவெளி விட்ட நாட்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும் என்பது இதில் ஒரு வசதி. மூன்றாவது, வயலில் இறங்கிக் கதிரைக் கையில் பிடித்துப் பிதுக்குவது. பால் பிடிக்க வேண்டிய நாளில் உள்ளே காற்று இருந்தால், வெளியே எத்தனை பச்சையானாலும் பதர்தான். நிலக்கடலையானால் செடியைப் பிடுங்கி விழுதுகளைப் பாருங்கள். விழுது இறங்கியும் மேல்மண் இறுகியதால் உள்ளே போக முடியாமல் நுனி காய்ந்து தொங்கும். செடியின் தலை அப்போதும் பச்சைதான்.

அறிகுறி: செயற்கைக்கோள் மண் ஈரமும் குழியில் பார்த்த ஈரமும் ஒத்துப்போகவில்லை

நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் 2015 ஜனவரியில் ஏவப்பட்டது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வந்து பார்க்கிறது. அதன் ரேடார் அந்த ஆண்டு ஜூலையிலேயே செயலிழந்தது. மிஞ்சிய நுண்ணலை உணரி இன்றும் தரவு தருகிறது. அதன் மூல அளவு 36 கி.மீ. கட்டம், மேம்படுத்தியது 9 கி.மீ. கட்டம். உணர்வது மேல் 5 செ.மீ. மண்ணை மட்டும்.

பிழையெல்லாம் இந்த மூன்று எண்ணுக்குள் அடங்கிவிடும். இரவு ஒரு தூறல் விழுந்து 5 செ.மீ. நனைந்தால் படம் நீலமாகும், கீழே ஓரடியில் மண் பொடியாக இருக்கும். மறுபுறம், நல்ல கரிசலில் மேல்மண் காய்ந்து படம் சிவந்தாலும் கீழே வேர் சுகமாக இருக்கும். 9 கி.மீ. கட்டத்துக்குள் ஒரு பெரிய கண்மாயும் நஞ்சையும் இருந்தால், பக்கத்துப் புஞ்சையின் வறட்சி அந்தச் சராசரியில் கரைந்துபோகும். வேர் மண்டல ஈரம் என்று தனியே தரும் வரைபடங்கள் கணினி மாதிரிக் கணக்கின் வழி வந்தவை, நேரடியாகப் பார்த்தவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

தீர்ப்பு மண்வெட்டியிடம். வரப்போரம், மரத்தடி, வாய்க்கால் பக்கம் தவிர்த்து வயலின் நடுவே ஓரடி ஆழத்துக்கும் இரண்டடி ஆழத்துக்கும் தோண்டி, இரண்டு ஆழத்திலிருந்தும் ஒரு பிடி மண் எடுங்கள். கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டை நின்று, உள்ளங்கையில் ஈரத்தடம் விட்டால் இருப்பு நிறைய உள்ளது. உருண்டை நின்று, சற்றே தூக்கிப் போட்டால் உடைந்தால் பாதிக்கு வந்துவிட்டது. உருண்டையே பிடிக்காமல் விரலிடுக்கில் உதிர்ந்தால் பயிர் எடுக்கக்கூடியது ஏறத்தாழத் தீர்ந்தது. களிமண்ணானால் உருட்டுவதற்குப் பதில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தித் தள்ளுங்கள். நாடா போல் வழுக்கி வந்தால் ஈரம் உண்டு, வெடித்து உதிர்ந்தால் இல்லை. வாரம் இரு முறை ஒரே வயலில் செய்தால் போதும். ஒரு முறை பார்ப்பதால் அளவுதான் தெரியும். நமக்கு வேண்டியது வேகம்.

அறிகுறி: வரைபடம் சிவந்திருக்கிறது, வயலில் எந்தக் கோளாறும் இல்லை

வேகத்துக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டால் பாதி வீண் எச்சரிக்கை ஒழியும். ஆய்வாளர்கள் பரவலாகக் கையாளும் ஒன்று: ஒரு இடத்தின் மண் ஈரத்தை, பல ஆண்டுகளின் அதே நாட்களோடு, மிக வறண்டதிலிருந்து மிக ஈரமானது வரை வரிசைப்படுத்துங்கள். நூறில் 40ஆம் இடத்துக்கு மேலே இருந்தது, 20 நாளுக்குள் 20ஆம் இடத்துக்குக் கீழே போனால் அது திடீர் வறட்சி. 40இலிருந்து 28க்கு இறங்கித் திரும்பினால் அது சாதாரண ஏற்ற இறக்கம். ஏற்கெனவே 15இல் கிடந்தது 8க்குப் போனால் அது பழைய வறட்சியின் தொடர்ச்சி. திடீர் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

மற்ற வீண் எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் புஞ்சை மண் எப்படியும் காய்ந்தே கிடக்கும். அப்போது ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வரிசையில் 20 இடம் தள்ளிவிடும். அந்தச் சரிவுக்குப் பொருள் இல்லை. டெல்டாவில் தை, மாசி அறுவடை நேரத்தில் பசுமையும் ஆவியாதலும் ஒருசேர விழும். அது கதிர் அறுத்ததன் தடயம். மேகம் மூடிய வாரத்தின் படங்களில் இடைவெளியைக் கணினி நிரப்பியிருக்கலாம், தேதியைப் பாருங்கள். இறவைப் பாசன நிலம் எப்போதும் குளிர்ந்தே தெரியும் என்பதால் பிழை எதிர்ப்பக்கமும் நடக்கும்: கிணறு ஓடும் வரை படம் நலமாகவே இருக்கும்.

அறிகுறி: மண்ணில் ஈரம் இருக்கிறது, பயிர் மட்டும் வாடுகிறது

இது வறட்சிப் பிரச்சினை இல்லை. வேரைப் பிடுங்கிப் பாருங்கள்: அழுகல், நூற்புழு முடிச்சு, உப்புப் படிவு, தண்ணீர் தேங்கிய நாற்றம், இவற்றில் ஒன்று இருக்கும். வாடிய செடிகள் திட்டுத்திட்டாக இருப்பதும் இதற்கு அடையாளம். வறட்சி மேட்டையும் மண்வகையையும் பின்பற்றிப் பரவும், நோய் அப்படிப் பார்ப்பதில்லை.

அறிகுறி: எல்லாம் தெரிகிறது, அதிகாரபூர்வ வரைபடம் மட்டும் அசையவில்லை

அமெரிக்காவில் 1999 முதல் வரும் வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை வெளியாகிறது. செவ்வாய்க் காலை வரையிலான தரவுதான் அதில் இருக்கும். வறட்சியின் கடுமையை அது படிகளாகப் பிரித்துக் காட்டும். நான்கு வாரத்துக்குள் நிலைமை இரண்டு படி மோசமானால் திடீர் வறட்சி என்று கொள்வது அங்கே வழக்கம். 2017இல் மொன்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் மே மாத நடுவில் வறட்சி என்றே சொல்ல முடியாத நிலை; ஜூலைக்குள் சில பகுதிகள் மிகக் கடும் படியைத் தொட்டுவிட்டன. வசந்தகாலக் கோதுமையும் மேய்ச்சலும் போனதில் வேளாண் இழப்பு 250 கோடி டாலருக்கும் மேல். வாராவாரம் வரும் வரைபடம் இருந்தும் இந்தக் கதி.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் வறட்சி மேலாண்மைக் கையேடு படிப்படியாகப் போகச் சொல்கிறது. முதலில் மழை: மொத்தக் குறைவு அல்லது மழையற்ற இடைவெளி. இடைவெளி என்பதற்குத் தொடர்ந்து மூன்று நான்கு வாரம் இயல்பில் பாதிக்கும் குறைவான மழை இருக்க வேண்டும். அதன்பின் பசுமை, மண் ஈரம், விதைப்பு, நீர்நிலை போன்ற தாக்கக் குறியீடுகள். அதற்கும் பின்னர் வயலில் நேரடிச் சரிபார்ப்பு. நிவாரணப் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நிபந்தனை நிறைவேறவே மூன்று வாரம் என்றால், நாம் பேசும் வறட்சி அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும். அறிவிப்பை நிவாரணத்துக்கு மட்டும் நம்புங்கள். எச்சரிக்கைக்கு, செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையையும் உங்கள் குழிக் குறிப்பையும் பாருங்கள்.

அறிகுறி: மழை வந்துவிட்டது, வறட்சி முடிந்ததா?

ஒரே நாளில் 40 மி.மீ. கொட்டினால் மழைக் குறியீடு மறுநாளே துள்ளி எழும். காய்ந்து மேலோடு இறுகிய செம்மண்ணில் அந்த மழையின் பெரும்பகுதி ஓடிப்போயிருக்கும். பெய்த மறுநாள் வயலில் குழி வெட்டி, ஈரம் எத்தனை அங்குலம் இறங்கியது என்று கைச்சாண் வைத்துப் பாருங்கள். ஈரமண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே கோடு போட்டது போல் தெரியும். அந்தக் கோடு வேருக்கு மேலேயே நின்றுவிட்டால் நிலைமை மாறவில்லை.

கோடு வேரைத் தாண்டியிருந்தால் அடுத்து பயிரின் பருவத்தைப் பாருங்கள். தழைப் பருவத்தில் வாடிய பயிர் பெரும்பாலும் தேறிவிடும், மேலுரம் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. பூப்பிலும் மணி பிடிப்பிலும் வாடியதற்கு மழை வந்தாலும் புதுத் தளிர்தான் வரும், மகசூல் வராது. அந்த வயலுக்கு மேலுரச் செலவு வேண்டாம். தீவனமாக அறுத்துவிட்டுக் குறுகிய காலப் பயறு போடலாமா என்று யோசிப்பதே நல்லது.

பயிர்க் காப்பீடு செய்தவர்களுக்கு ஒரு விஷயம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பருவத்தின் நடுவே ஏற்படும் இழப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது. நீண்ட மழையற்ற இடைவெளி போன்ற காரணத்தால், அறிவிக்கப்பட்ட பகுதியின் எதிர்பார்க்கும் மகசூல் உத்தரவாத மகசூலில் பாதிக்கும் கீழே போகும் என்று கூட்டு ஆய்வில் தெரிந்தால், வரக்கூடிய இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்கூட்டியே தரலாம். இது அறுவடைக்கு முன்பே நடக்க வேண்டிய வேலை. மழை வந்து வயல் மீண்டும் பச்சையானபின் பார்வையிட வருபவரிடம் காட்ட உங்களிடம் இருக்க வேண்டியவை: தேதியிட்ட குழிப் படங்கள், இலை சுருண்ட நேரக் குறிப்பு, கடைசி 28 நாள் மழை, அதே நாட்களின் ஆவியாதல். ஒவ்வொரு படத்திலும் வயலின் அடையாளம் தெரியும்படி ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ சேர்த்து எடுங்கள்.